முற்றிய நுரையீரல் புற்றுநோயும் கீமோவின் நாட்களும்

நுரையீரலின் உட்சதைக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்புகள் அதைச் சுற்றியுள்ள உறையில்தான் இருக்கின்றன. அதனால் உள்ளே ஒரு கட்டி நன்றாக வளர்ந்த பிறகும் ஆளுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். இருமல் வரும், இருமல் மருந்து குடிப்பார். எக்ஸ்ரேயில் நிழல் விழுந்தால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். சளியில் கிருமி இருப்பதை உறுதிசெய்யாமலே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, மாதங்கள் கழித்தும் எடை இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்த பின் சி.டி. ஸ்கேன், பயாப்சி என்று போகிறவர்கள் இங்கே ஏராளம். இந்தத் தாமதத்தைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். கடைசியில் நோய் பிடிபடும்போது பெரும்பாலோருக்கு அது மூளை, எலும்பு, கல்லீரல், மறு நுரையீரல் என்று எங்காவது பரவியிருக்கும். சிலருக்கு நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கும். இதைத்தான் நாலாம் கட்டம் என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை.

2022இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொண்டுபோகவில்லை. இந்த எண்களுக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் நோய் தெரிந்த நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே சில மாதங்களோ சில ஆண்டுகளோ வாழ்கிறார்கள். அந்தக் காலத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. கீமோ அவர்களுக்கு எவ்வளவு தருகிறது, எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொள்வதில் எவ்வளவைத் தடுக்க முடியும்? மூன்றாவது கேள்விக்கு மருத்துவ உலகம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் உறுதியான பதில்களைக் கண்டிருக்கிறது. நம் வார்டுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். இந்தச் சிகிச்சையின் அச்சாணி பிளாட்டின மருந்துகள். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகப் பிளாட்டினம் முனைகள் வழியே மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நூல் நூலாக நீண்டன. அதற்குக் காரணம் முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினச் சேர்மம் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. செல்லின் டி.என்.ஏ.வைப் பிணைத்துப் பிரியவிடாமல் செய்வது அதன் வேலை. புற்றுச்செல் எது, எலும்பு மஜ்ஜைச் செல் எது, வாயின் உட்தோல் எது என்று பார்க்க அதற்குத் தெரியாது. கீமோவின் பக்கவிளைவுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளிவந்தது. முற்றிய நோயில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ, ஓராண்டு கடந்தும் உயிரோடிருப்போரை நூற்றுக்குப் பத்துப் பேர் கூட்டியது என்று அது காட்டியது. சராசரிக் கணக்கில் அந்த லாபம் ஒன்றரை மாதம். 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான சோதனையில் 1,155 நோயாளிகளுக்கு நான்கு வகைக் கூட்டு மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். நான்கும் ஒரே பலன்தான் தந்தன. நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை. கீமோவால் மட்டும் ஏறக்கூடிய உயரத்தை ஏறி முடித்துவிட்டோம் என்ற எண்ணம் அப்போதுதான் மருத்துவர்களுக்கு வந்தது.

இந்த எண்களைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் என்றால், மறு பாதிப் பேர் அதற்கு மேல். அந்த மறு பாதியில் சிலர் வெகு தூரம் போகிறார்கள். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. இடைநிலை வாழ்நாள் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். அந்த எட்டு மாதத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று 1985இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் புற்றுநோய் மருத்துவர்கள் நோயாளிகளிடம் கொடுக்கிறார்கள். நோய் தெரிந்த பிறகு கூல்டு இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்.

இனி இரண்டாம் கேள்வி. கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு சைக்கிள். நாலு முதல் ஆறு சைக்கிள். எலும்பு மஜ்ஜை மீண்டு எழ அத்தனை நாள் தேவைப்படுகிறது என்பதால்தான் இந்த 21. நோயாளிகளின் வீட்டில் காலண்டர் இந்தக் கணக்கில்தான் நகர்கிறது.

மருந்து ஏற்றும் நாளில் காலையில் ரத்தப் பரிசோதனை. கவுன்ட் குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு அப்படித் திரும்பிப் போவது ஊசியைவிடக் கொடுமையானது. சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்ற வேண்டும். நாள் முழுதும் போய்விடும். கார்போபிளாட்டின் சிறுநீரகத்துக்கு இதமானது, வாந்தியும் குறைவு, ஆனால் பிளேட்லெட்டை அதிகம் இறக்கும். இரண்டு மூன்று சைக்கிளுக்குப் பிறகு கையில் நரம்பு கிடைக்காது. செவிலியர் தட்டித் தட்டித் தேடுவார். பெமெட்ரெக்செட் என்ற மருந்து கொடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். பி12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒன்று. அந்த மருந்தின் தொடக்ககாலச் சோதனைகளில் நச்சு மிஞ்சி உயிரிழப்புகள் நேர்ந்தன. இந்த மலிவான இரண்டு வைட்டமின்களும் சேர்ந்த பிறகுதான் அது பாதுகாப்பாயிற்று. வீட்டார் இதைச் சத்து மாத்திரைதானே என்று நிறுத்திவிடுவதுண்டு. நிறுத்தக் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாட்கள் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டின் துணையில் ஓடும். நோயாளி தெம்பாகத் தெரிவார், இரவில் தூங்கமாட்டார், விக்கல்கூட வரும். ஸ்டீராய்டு நின்றதும் நாலாம் நாள் வாக்கில் உடம்பு அப்படியே சரியும். இந்தச் சரிவை முன்கூட்டிச் சொல்லாததால் நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று குடும்பம் பதறுகிறது. வாய் உலோகம் போலக் கசக்கும். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும். வாந்தியைவிட அதனால் வாடுகிறவர்கள் பலர், கேட்டாலொழிய வெட்கத்தால் சொல்லமாட்டார்கள். பாக்லிடாக்சல் என்றால் முடி போகும். விரல் நுனிகள் மரத்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஆகும்.

ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோ எடுப்பவர்கள் வீட்டில் வேறெதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் இந்த ஒரு எண் நினைவிலிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரத்தத்தில் பரவும் தொற்று சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

மூன்றாம் வாரம் நல்ல வாரம். சோறு ருசிக்கும், நடக்க முடியும். பேத்தியின் காதுகுத்தோ, குலதெய்வக் கோயிலோ, வங்கி வேலையோ, எதுவானாலும் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். முக்கியமான நாள் ஒன்று இருந்தால் சைக்கிளைச் சில நாள் தள்ளிவைக்கக் கேட்கலாம். பெரும்பாலான மருத்துவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கேட்கலாம் என்பதே நம் நோயாளிகள் பலருக்குத் தெரியாது.

இங்கேதான் மூன்றாம் கேள்வி வருகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் பரவாயில்லை என்பார் நோயாளி. உள்ளதைச் சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். மருமகளுக்கு இன்னும் தொந்தரவு தரவேண்டாம் என்ற எண்ணம். வெளியே நூறு பேர் காத்திருக்க, தனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் மலச்சிக்கலையா பேசுவது என்ற கூச்சம். பொறுத்துக்கொள்வதை நாம் பெரிய குணமாகப் போற்றுகிறோம். இந்த நோயில் அது ஆயுளைக் குறைக்கிறது. இதை உருவகமாகச் சொல்லவில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர், நுரையீரல் புற்றுநோயாளிகள் உள்ளிட்ட 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினியில் அவ்வப்போது பதிந்தார்கள். ஏதாவது கூடினால் செவிலியருக்குத் தகவல் போகும். மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. 2017இல் முடிவு வெளிவந்தது: பதிந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. அதே ஆண்டில் பிரான்சில், நுரையீரல் புற்றுநோயாளிகளை மட்டும் வைத்து ஃபாப்ரிஸ் டெனி நடத்திய சோதனையில் வாரந்தோறும் உபாதைகளைத் தெரிவித்தவர்களுக்கு 19 மாதம், மற்றவர்களுக்கு 12 மாதம். பல புதிய மருந்துகள் தர முடியாத லாபம் இது. இதற்குக் கணினி கட்டாயமில்லை. ஒரு நோட்டு, ஒரு போன் எண், அந்தப் போனை எடுக்கப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருந்தால் நம் அரசு மருத்துவமனைகளிலும் இதன் சாரத்தைச் செய்யலாம்.

பசியின்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் குடும்பங்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி சோற்றைப் பற்றியதுதான். சாப்பிட்டால்தானே தெம்பு வரும் என்று மனைவி கெஞ்சுவார். தட்டைப் பார்த்தாலே கணவருக்குக் குமட்டும். மனவுறுதி இல்லாததால் வருவதல்ல இது. கட்டியும் மருந்தும் சேர்ந்து பசி உணர்வையே அழித்திருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென ஒரு சோதனை நடந்தது. வயிறு, கல்லீரல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய் உள்ள 124 பேர் கலந்துகொண்டார்கள். ஓலன்சபின் என்ற பழைய மனநல மருந்தை 2.5 மில்லிகிராம் அளவில், பன்னிரண்டு வாரம், கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கு மட்டுமே. மாத்திரையின் விலை சில ரூபாய். நம் ஊர்ப் பக்கத்தில் நடந்த, உலகம் கவனித்த இந்த ஆய்வைத் தமிழ் நோயாளிகள் அறிந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேட்கலாம்.

வலி நிவாரண மருத்துவத்துக்கு இந்தத் துறையில் கிடைத்த மிகப் பெரிய சான்று 2010இல் வந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல், புதிதாக நாலாம் கட்டம் கண்டறியப்பட்ட 151 நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பிரிவினரை முதல் வாரங்களிலேயே வலி நிவாரணக் குழுவிடம் சேர்த்தார். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, கடைசிக் காலத்தில் பயனற்ற கடும் சிகிச்சை குறைந்தது. யாரும் எதிர்பாராதது இன்னொன்று: அவர்கள் கூடுதலாக வாழவும் செய்தார்கள். 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். நம்மிடம் இந்தப் பிரிவு, கையை விரித்த பிறகு அனுப்பும் இடமாகவே இன்னும் இருக்கிறது. அங்கே போகச் சொன்னாலே முடிந்தது என்று குடும்பம் அழுகிறது. பயாப்சி முடிவு வந்த வாரத்திலேயே அந்த வாசலைக் காட்டிவிட்டால் அந்தப் பயம் இராது.

அபினிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற வலிமருந்தின் விஷயமும் அப்படித்தான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் சட்டபூர்வமாகக் கசகசாச் செடி பயிரிட்டு உலகத்துக்கு அபின் தரும் நாடு இது. 1985இன் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு இங்கேயே நோயாளிகளுக்கு மார்பின் கிடைக்காமல் போயிற்று. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய பாலியம் இந்தியாவும் பிறரும் நெடுங்காலம் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் தளர்ந்தாலும் மனத்தடை தளரவில்லை. மார்பின் என்றால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்ற நம்பிக்கை வீட்டிலும் உண்டு, சில மருத்துவர்களிடமும் உண்டு. எலும்பில் பரவிய நோயின் வலிக்கு அளவறிந்து கொடுத்தால் அதைப் போன்ற துணை இல்லை. சிறு அளவில் அது மூச்சுத்திணறலின் திகிலையும் அடக்கும். முகத்துக்கு நேரே பிடிக்கும் கை மின்விசிறிகூட மூச்சுத்திணறலைத் தணிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறையில் கோத்த நீரை வடித்துவிட்டால் சிலர் அன்றே எழுந்து நடக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நோயாளிக்கு உண்மை தெரியுமா? நம் ஊரில் முதலில் அறைக்குள் நுழைவது மகன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் டாக்டர், தாங்கமாட்டார் என்பார். அன்பினால் சொல்லப்படும் வார்த்தைதான் அது. ஆனால் முடி கொட்டுகிறது, சுற்றியிருப்போர் எல்லாருக்கும் கீமோ; நுரையீரலில் சளி என்று எத்தனை நாள் நம்புவார்? தெரிந்தும் தெரியாததுபோல் அவர் நடிக்க, அவருக்குத் தெரியாது என்று வீடு நடிக்க, பேச வேண்டியவை பேசப்படாமலே நின்றுவிடுகின்றன. வெளிப்படையாகப் பேசுவதாகச் சொல்லப்படும் அமெரிக்காவிலும் நிலைமை முழுக்க வேறல்ல. 2012இல் ஜேன் வீக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதம் பேர், அதனால் நோய் குணமாக வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. கீமோ எதற்காக என்று தெரியாத ஒருவரிடம், அதன் துன்பத்தை ஏற்க உங்களுக்குச் சம்மதமா என்று நாம் உண்மையில் கேட்கவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே முதலில் கேட்பதுதான் நேர்மை. சிலர் மகனிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பார்கள். அதுவும் அவருடைய முடிவாக இருக்கட்டும்.

பால் கலாநிதியின் வரலாறு இங்கே சொல்லத்தக்கது. அமெரிக்காவில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பயின்றுகொண்டிருந்தவர், புகைபிடிக்காதவர். 2013இல் நாலாம் கட்ட நுரையீரல் புற்றுநோய் தெரிந்தது. 2015 மார்ச்சில், 37 வயதில் இறந்தார். இறந்த பின் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. உங்களுக்கு எது முக்கியம் என்று அவருடைய மருத்துவர் கேட்கிறார். அறுவைக்கூடத்துக்குத் திரும்ப விரும்பினால் கை நரம்புகளைக் காக்க சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் கொடுக்கலாம் என்கிறார். ஒரு தையற்காரரிடமும் பூக்கட்டும் அம்மாவிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அவர்களுடைய பிழைப்பும் விரல் நுனியில்தான் இருக்கிறது.

புதிய மருந்துகளால் இந்த நோயின் முகம் மாறியிருக்கிறது. 2004இல் சில கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது; அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை கீமோவைவிட நன்றாக வேலை செய்யும் என்று 2009இல் நிரூபணமாயிற்று. இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. அல்க் என்ற மாற்றம் உள்ளவர்கள் நூற்றில் சிலரே. ஆனால் லோர்லாட்டினிப் எடுத்த அவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டு கழித்தும் நோய் முன்னேறவில்லை என்று 2024இல் செய்தி வந்தது. மாற்றம் எதுவும் இல்லாமல், கட்டியில் பி.டி.எல்.1 புரதம் மிகுந்திருப்பவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்ததில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தார்கள். எட்டு மாதக் காலத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஆகவே மரபணுச் சோதனை வராமல் அவசரப்பட்டுக் கீமோவைத் தொடங்குவது, உடல்நிலை காத்திருக்க இடம் தந்தால், தவிர்க்க வேண்டிய ஒன்று.

ஆனாலும் கீமோ ஓய்வு பெறவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வனிதா நொரோன்ஹா குழுவினர் 350 பேருக்கு ஜெஃபிடினிப் தனியாகவும், கீமோவோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் கட்டுப்பட்டிருந்த காலம் தனியாக 8 மாதம், சேர்த்து 16 மாதம். கடும் பக்கவிளைவுகளும் இரட்டித்தன: 25 சதவீதத்திலிருந்து 51. பிறகு ஆசிமெர்டினிப் மாத்திரையோடும் கீமோ சேர்ந்து ஆயுளைக் கூட்டியது. மலிவான பழைய கீமோ, புதிய மருந்தின் கூட்டாளியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் அதைத் தாங்கும்படி செய்வது முன்னைவிட முக்கியமாகிறது.

பணத்தைப் பற்றி நீட்டி எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை தருகிறது. வழக்கமான கீமோவுக்கு அது பெரிய தூண். பெம்ப்ரோலிசுமாப் போன்றவை ஒரு தவணைக்கே லட்சங்களைக் கேட்கின்றன. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 சதவீத வரம்பு வந்தது. 2024இல் ஆசிமெர்டினிபுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. சிகிச்சைக்காக ரயிலில் படுக்கை வகுப்பில் செல்லும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. மருத்துவமனை தரும் படிவம் போதும்.

இன்னொரு சுமையும் உண்டு. நுரையீரல் புற்றுநோய் என்றதும் எல்லாரும் கேட்பது, பீடியா சிகரெட்டா என்பதுதான். விறகடுப்பின் முன் வாழ்நாளைக் கழித்த பெண்கள், காற்று மாசில் வாழ்ந்தவர்கள், காரணமே தெரியாதவர்கள் என்று புகைக்காத நோயாளிகள் இந்தியாவில் நிறைய. புகைத்தவருக்கும் இந்த நோய் தண்டனை அல்ல. அந்தக் கேள்வியால் வெட்கப்பட்டு, இருமலை மறைத்துக்கொண்டு வாழ்கிறவரிடம் உபாதைகளைச் சொல்லச் சொன்னால் அவர் எப்படிச் சொல்வார்?

கடைசியாக, நிறுத்தும் நாள். நாளில் பாதிக்கு மேல் படுக்கையில் கிடக்கும் நிலை வந்த பின் வழக்கமான கீமோ உதவுவது அரிது. 2015இல் ஹாலி பிரிகர்சன் வெளியிட்ட ஆய்வு அதற்கும் ஒரு படி மேலே போனது: வாழ்வின் இறுதிக்கட்டத்தில், ஓரளவு நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கீமோ கடைசி வாரத்தின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுத்தது. இன்னொரு சைக்கிள் போட்டுப் பார்க்கலாமே என்று சொல்வது மருத்துவருக்கு எளிது, குடும்பத்துக்கும் எளிது. நிறுத்துகிறோம் என்பதோடு அடுத்தது என்ன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதுதான் கடினம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலி நிவாரணச் சேவையும் இருக்கிறது. கீமோவை நிறுத்தும் அன்றே நோயாளியின் பெயர் அந்தச் செவிலியரின் பட்டியலில் ஏற வேண்டும். வாய்வழி மார்பின் எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை, கூடவே மலமிளக்கி எது, நடு இரவில் மூச்சு முட்டினால் முதலில் என்ன செய்வது, எந்த எண்ணை அழைப்பது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி வீட்டார் கையில் கொடுத்து, அவர்கள் அதை ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.